முந்தின நாளே செய்து வைக்க: ஜாமூனா, டிகாஷன் புட்டிங்கா, இளநீர் கடல்பாசியா?

டிசம்பர் மூன்றாவது வாரம் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வந்துவிடும். பிரியாணி கடையில் சொல்லியாச்சு, சமோசா ஒருவர், ஜூஸ் ஒருவர். கடைசியில் "அக்கா, ஸ்வீட் நீங்கதானே?" என்று என் பெயருக்கு நேரே ஒரு சிரிப்புப் பொம்மை. வேலைநாளில் விடியற்காலை எழுந்து கிளற எனக்குத் தெம்பு இல்லை. முந்தின இரவே முடித்து, குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, கிண்டியில் இறங்கி, மாலை நாலு மணி வரை பத்திரமாக வைத்திருந்து 25 பேருக்குக் கொடுக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு அடுப்படியில் எப்படி மணந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. மறுநாள் நாலு மணிக்கு எப்படி இருக்கிறது, அதுதான் கணக்கு.

இந்தக் கணக்கில் ரவா கேசரி முதல் சுற்றிலேயே வெளியே. ஒருமுறை ஆசையாக நெய் விட்டுக் கிளறி எடுத்துப் போனேன். ஏசி அறையில் நெய் உறைந்து, மேலே வெள்ளையாகப் பூத்து, நட்ட கரண்டி நட்டபடி நின்றது. மைக்ரோவேவில் சுட வைக்கலாம்தான். 25 பேர் வரிசையில் நிற்கும்போது யார் வைப்பது?

அடுத்து முட்டை. கார்த்திகையில் மாலை போட்டவர்கள் டிசம்பர் கடைசி வரை எங்கள் டீமில் இரண்டு பேராவது இருப்பார்கள். அந்த நாட்களில் அவர்களுக்குப் பெயரே கிடையாது, எல்லோருக்கும் "சாமி"தான். 16ஆம் தேதி வாக்கில் மார்கழியும் பிறந்துவிட்டால் முட்டை தொடாதவர்கள் இன்னும் கூடுவார்கள். அதனால் கேரமல் கஸ்டர்ட் வேண்டாம். பிளம் கேக்கை விடத்தான் மனசில்லை. முன்கூட்டியே செய்வதற்கென்றே பிறந்த பண்டம் அது. திராட்சைச் சாற்றில் ஊறிய உலர்பழங்கள் நாளாக நாளாகக் கேக்கை மெத்தென்று ஆக்கும், பிரிட்ஜும் தேவையில்லை. முட்டையில்லாமலும் செய்யலாம். ஆனால் அந்த மாதம் சென்னையில் எந்த பேக்கரிக்குள் நுழைந்தாலும் பிளம் கேக்தான். வாடிக்கையாளர் அனுப்பியது, பக்கத்து டீம் கொடுத்தது என்று பேன்ட்ரியில் ஏற்கெனவே மூன்று பெட்டி கிடக்கும். நாலாவதை யார் திறப்பார்கள்?

மிச்சம் மூன்று.

குலாப் ஜாமூன் பழைய கை. 200 கிராம் மிக்ஸில் கோலிக்குண்டு அளவு உருட்டினால் நாற்பது வரை வரும், செலவும் குறைவு. இரவு முழுக்க ஊறினால்தான் அதற்கே ருசி. பாகில்தான் பலரும் தவறுகிறார்கள். கம்பிப் பதம் வரை விட்டால் மறுநாள் சர்க்கரை பூத்து, ஜாமூன் மேல் மணல் ஒட்டியதுபோல் ஆகிவிடும். விரலில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், அவ்வளவே. நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பூக்காது. பிரிட்ஜில் வைத்தால் உள்ளே கட்டியாகும் என்பதால் வெளியிலேயே வைக்கலாம், அது வசதி. வசதியில்லாதது பாகு. காலை எட்டரை மணி ரயிலில், பல்லாவரத்துக்கும் திரிசூலத்துக்கும் நடுவே, என் டப்பா மூடி நழுவி ஒரு காலேஜ் பெண்ணின் பையில் பாகு வழிந்ததை நான் மறக்க முடியாது. "பரவாயில்லை ஆன்ட்டி" என்றாள். பாகைவிட அந்த ஆன்ட்டிதான் ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் காலையில் பாகை வடித்துவிட்டு, தேங்காய்த் துருவல் பொடியில் புரட்டி, உலர் ஜாமூனாக எடுத்துப் போகிறேன். கிண்ணம் வேண்டாம், ஸ்பூன் வேண்டாம்.

டிகாஷன் புட்டிங் இளைஞர்களுக்குப் பிடிக்கும். டிராமிசு என்ற இத்தாலியக் காபி இனிப்பின் ஏழைச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேரி பிஸ்கட்டை ஃபில்டர் டிகாஷனில் ஒரே நொடி முக்கி அடுக்கி, மேலே கிரீம், மறுபடி பிஸ்கட், கடைசியில் கோகோ பொடி. இரண்டு நொடி முக்கினால் கையிலேயே உடைந்து டிகாஷனுக்குள் விழும். ஒரு ராத்திரி ஊறினால் கேக்போல வெட்ட வரும். கடையில் கிடைக்கும் ஃப்ரெஷ் கிரீமை வாங்கி அடித்துக்கொண்டே இருந்தவர்களில் நானும் ஒருத்தி. அதில் கொழுப்பு 25 சதவீதம்தான், எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. விப்பிங் கிரீம் என்று கேட்டு வாங்க வேண்டும். ருசியில் மூன்றில் இதுதான் முதல் என்றுகூடச் சொல்வேன். ஆனால் ரயில் வெக்கையில் கிரீம் தளர்ந்து, ஆபீஸ் போய்ச் சேரும்போது அடுக்கு எது, குழம்பு எது என்று தெரியாது. நடந்து போகும் தூரத்தில் ஆபீஸ் இருந்தால், அல்லது காரில் ஐஸ் பெட்டியோடு போவீர்கள் என்றால் யோசிக்காமல் இதையே செய்யுங்கள்.

என் ஓட்டு இளநீர் கடல்பாசிக்கு. கல்யாணப் பந்திகளில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் அதே வெள்ளை வில்லைதான். அதை உறையவைக்கும் பாசி கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் கிடைக்கும். ஜெல்லியை உறையவைக்கப் பலரும் போடும் ஜெலட்டின் மாட்டு, பன்றித் தோல் எலும்பிலிருந்து வருவது. சாமிக்கும் ஆகாது, இன்னும் பலருக்கும் ஆகாது. இது சுத்தக் கடல் பாசி, பாம்பன், மண்டபம் பக்கம் பெண்கள் முக்குளித்துப் பறிப்பது போன்ற பாசிகளிலிருந்து எடுப்பது. அதைவிட முக்கியம், ஜெலட்டின் 35 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். கடல்பாசி ஒருமுறை உறைந்தால் 85 டிகிரி பக்கம் போனால்தான் உருகும். சென்னை வெயில் அதை ஒன்றும் செய்யாது.

10 கிராம் பாசிக்கு மொத்தம் ஒரு லிட்டர் திரவம். பாசியை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு இழைகூடத் தெரியாதபடி கொதிக்கவிட வேண்டும். காய்ச்சி இறக்கிய வெதுவெதுப்பான பாலோடு கண்டென்ஸ்டு மில்க்கைக் கலந்து அதில் ஊற்றுங்கள். பால் பிரிட்ஜிலிருந்து நேரே வந்தால் 40 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பாசி அங்கங்கே திரிதிரியாக உறைந்துவிடும். மேலே சொன்ன ஒரு லிட்டரில் இளநீரும் சேர்த்தி. அதைக் கொதிக்கவிடாமல் அடுப்பை அணைத்த பிறகு சேர்த்தால்தான் வாசம் நிற்கும். வழுக்கையைப் பொடியாக நறுக்கிப் போட்டு, எவர்சில்வர் ட்ரேயில் ஊற்றி ஆறவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் முன்பே உறையத் தொடங்கிவிடும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. இரண்டாம் நாளுக்கு மேல் தண்ணீர் விடும். உருகாது என்பதற்காகக் கெடாது என்று நினைக்க வேண்டாம், பால் சேர்த்தது. ஆபீஸ் போனதும் முதல் வேலையாக பிரிட்ஜில் இடம் பிடித்துவிடுங்கள், யாருடைய தயிர்சாத டப்பாவை நகர்த்த வேண்டியிருந்தாலும் சரி. பிரிட்ஜே இல்லாத ஆபீஸ் என்றால் பேச்சே இல்லை, உலர் ஜாமூன்தான்.

வில்லைகளை வீட்டிலேயே வெட்டிவிடுங்கள், அங்கே கத்தி இருக்காது. ட்ரேயை அன்றைக்கே திருப்பி எடுத்து வாருங்கள். போன டிசம்பரில் நான் விட்டுவந்தது, அம்மா பெயர் வெட்டிய ட்ரே, இன்னும் பேன்ட்ரியில் டீக் கப்புகளைச் சுமந்துகொண்டிருக்கிறது.