சொல்லி ஆறுவதா, சொல்லாமல் ஆறுவதா?

வன்முறைக்கு ஆளாகி, அதன் நினைவு விடாமல் துரத்தும் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்த சிகிச்சைகளில் இரண்டைப் பார்ப்போம்.

பேச்சுவழிச் சிகிச்சையில் பிள்ளை நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறது, எழுதுகிறது, வரைகிறது. ‘என் தப்புதான்’ என்ற எண்ணம் மெல்லக் கழல்வது இங்கேதான். பெற்றோருக்கும் அமர்வு உண்டு. கதவு படாரென்று சாத்தினாலே நடுங்கும் மகளை எப்படி அமைதிப்படுத்துவது என்று அவர்களும் கற்கிறார்கள். பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள்.

கண்ணசைவுச் சிகிச்சையில், அந்த நினைவை மனத்தில் நிறுத்தியபடி, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்கள் பின்தொடரும். விவரித்துச் சொல்ல வேண்டிய கட்டாயம் குறைவு. வாய் திறக்கவே முடியாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

வீட்டில் துணை நிற்க ஒருவர் இருந்தால் நான் முதலாவதையே சொல்வேன். எதுவானாலும், பிள்ளையைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.