தஞ்சாவூர் படத்துச் சில்ல ஐஆர் மைக்ரோஸ்கோப்ல குடுத்து பாத்த அனுபவம்

பழைய தஞ்சாவூர் படங்கள சரி பண்றது என் தொழில். போன வருஷம் ஒரு வீட்லேருந்து நவநீத கிருஷ்ணர் படம் ஒண்ணு வந்துச்சு, பலகைல துணி ஒட்டி வரைஞ்சது, அவங்க தாத்தா, இது சரபோஜி ராஜா காலத்துப் படம்னு சொல்லிட்டே இருப்பாராம். கீழ வலது மூலைல மட்டும் ஒரு பளபளப்பு. பின்னாடி எப்பவோ யாரோ கை வச்சிருக்காங்கன்னு பாத்தவுடனே தெரிஞ்சுது, ஆனா எத வச்சு ஒட்டியிருக்காங்கன்னு தெரியாம அதுல கை வைக்க எனக்கு மனசு வரல. அதனாலதான் காசு கட்டி படத்துலேருந்து எடுத்த வண்ணச் சில்ல ஒரு லேப்ல எஃப்டிஐஆர் மைக்ரோஸ்கோப் டெஸ்ட்டுக்கு குடுத்தேன், அதாவது இன்ஃப்ராரெட் ஒளிய அனுப்பி, பொருள் அதுல எந்தெந்த எடத்த உறிஞ்சுதுன்னு கிராஃபா காட்டற டெஸ்ட். குறையும் சொல்லப் போறதால லேப் பேரை போடல. மார்க் கேட்டா 5க்கு 4 குடுப்பேன்.

இன்ஃப்ராரெட் டெஸ்ட்னு சொன்னா நெறைய எடத்துல சில்ல அப்படியே மெஷின் மேல வச்சு அழுத்தி ஒரு கிராஃப் எடுத்துக் குடுத்துருவாங்க. நம்ம படத்துக்கு அது உதவாது. மக்குல, அதாவது வண்ணத்துக்கு அடியில பூசற கலவைல, இருக்கற சாக்பொடி, சுக்கான் கல் பொடி எல்லாமே கால்சியம் கார்பனேட்டு, அது கிராஃப்ல 1420ங்கற அலை எண் பக்கத்துல இவ்ளோ பெரிய மேடா வந்து நின்னு மத்த எல்லாத்தையும் மூடிரும். மைக்ரோஸ்கோப்ல அப்படி இல்ல. பென்சில் புள்ளி அளவு கூட இல்லாத சில்ல ஊசியால லேயர் லேயரா பிரிச்சு, ஒரு துணுக்க ரெண்டு வைரத் துண்டுக்கு நடுவுல வச்சு நசுக்கி, ஒளி ஊடுருவிப் போற அளவுக்கு மெல்லிசா ஆக்கிடறாங்க. அப்பறம் 20 மைக்ரான் சதுரம் அளவுக்கு ஜன்னல சுருக்கி அந்த எடத்த மட்டும் பாக்கறாங்க, நம்ம தலைமுடி ஒண்ணே அத விட மூணு நாலு மடங்கு தடிமன்.

கூட இருந்து பாக்கலாமான்னு கேட்டேன், ஒத்துக்கிட்டாங்க. டெஸ்ட் பண்ண பொண்ணு ரொம்ப பொறுமை. மொதல்ல டிடெக்டர்க்கு திரவ நைட்ரஜன் ஊத்துச்சு, புனல்லேருந்து வெள்ளையா பொகை வழிஞ்சுது, மைனஸ் 196 டிகிரிக்கு குளுந்தாதான் அது சரியா வேலை செய்யுமாம். நான் குனிஞ்சு எட்டிப் பாத்தப்போ, "அண்ணா, கொஞ்சம் தள்ளி நின்னு மூச்சு விடுங்க"ன்னு சொல்லுச்சு. ஸ்கிரீன்ல 2350 பக்கத்துல குட்டியா ரெண்டு மேடு எழும்பியிருந்துச்சு, என் மூச்சுல இருந்த கார்பன் டை ஆக்ஸைடு!

நீலத்துக்கு கிராஃப் எடுத்தப்போ 2090 பக்கத்துல ஒத்தையா ஒரு கூர் முள். அந்தப் பக்கம் வேற எந்தப் பொருளும் அனேகமா வராது, அதனால பாத்தவுடனே சொல்லிட்டாங்க, பிரஷ்யன் ப்ளூ. பெர்லின்ல 1706 வாக்குல கண்டுபிடிச்ச நீலம் அது. சரபோஜி 1798லேருந்து 1832 வரைக்கும் தஞ்சாவூர்ல ராஜாவா இருந்தவர், அதனால தாத்தா சொன்னது பொய்னு இந்த நீலத்த வச்சு சொல்ல முடியாது, நிஜம்னும் சொல்ல முடியாது. வீட்டுக்காரங்ககிட்ட அப்படியேதான் சொன்னேன்.

எனக்கு முக்கியமா வேண்டியிருந்தது பசை. பழைய மக்குல 1550 பக்கத்துல ஒண்ணுமே இல்ல, மிருகத் தோல்லேருந்து காய்ச்சற வச்சிரப் பசையா இருந்தா அங்க புரோட்டீன் முள் வந்திருக்கணும். 1050 பக்கத்துல அகலமா ஒரு மேடு வந்துச்சு, அப்போ செடியிலேருந்து வந்த பசைதான். கருவேலம் பிசினா புளியங்கொட்டைப் பசையான்னு கேட்டேன், இத வச்சு மட்டும் பிரிச்சு சொல்றது கஷ்டம், அதுக்கு வேற டெஸ்ட் இருக்குன்னு நேர்மையா சொல்லிட்டாங்க, தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதிக் குடுக்காத லேப் கெடைக்கறதே பெரிய விஷயம். மூலைல இருந்த பளபளப்புல 1735, 1370, 1240ன்னு மூணும் சேந்து வந்துச்சு, பாலிவினைல் அசிடேட், அதாவது ஆசாரி மரம் ஒட்டற அதே வெள்ளைப் பசை.

இது தெரியலன்னா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா இப்பவும் திக்குனு இருக்கு. ஈரப் பஞ்சு வச்சு மூலைய சுத்தம் பண்ணலாம்னுதான் மொதல்ல இருந்தேன். காஞ்சு போன வெள்ளைப் பசை தண்ணிக்கு லேசா ஊறுமே தவிர கரையாது, பக்கத்துல இருக்கற பழைய பிசின் மக்கு கரைஞ்சு வந்துரும். அசிட்டோன்ல தலைகீழ், வெள்ளைப் பசை எளகும், பிசின் அசையாது. பஞ்சுக் குச்சி நுனில தொட்டு தொட்டு 3 நாள் எடுத்தேன், அடியில பழைய நீலம் அப்படியே இருந்துச்சு.

ஆப்கானிஸ்தான்ல பாமியான் குகை ஓவியங்கள்லயும் இந்த மாதிரி வழியில எண்ணெய கண்டுபிடிச்சாங்க, சில்லுகள பிரான்ஸ்ல கிரெனோபிள்ல இருக்கற சின்க்ரோட்ரான்ங்கற பெரிய கதிர் மெஷினுக்கு கொண்டு போய் மெல்லிசான இன்ஃப்ராரெட் கதிர்ல லேயர் லேயரா பாத்து, 50 குகைல 12ல எண்ணெய் கலந்த வண்ணம் இருக்குன்னு 2008ல சொன்னாங்க, 7ஆம் நூற்றாண்டு வேலை அது. எல்லாத்தையும் ஒண்ணா அரைச்சுப் பாத்திருந்தா எண்ணெய் எந்த லேயர்ல இருந்துச்சுன்னே தெரிஞ்சிருக்காது.

இப்ப குறை. ரிப்போர்ட் வர ஆறு வாரம் ஆச்சு, ரெண்டு வாரம்னு சொல்லித்தான் காசு வாங்கினாங்க. அதுல சிவப்புக்கு நேரா "நிறமி கண்டறியப்படவில்லை"ன்னு மட்டும் எழுதியிருந்தாங்க. இது தப்பு. ஜாதிலிங்கம், அதாவது பாதரசம் கலந்த சிவப்பு, இந்த ரேஞ்சுல முள்ளே காட்டாது, இருந்தாலும் தெரியாது, அந்த ஒரு வரிய சேத்து எழுதலன்னா ரிப்போர்ட் வாங்கறவங்க சிவப்புல ஏதோ சாயம்தான் இருக்குன்னு நெனச்சுப்பாங்க. ஃபோன் பண்ணி சொன்னதும் திருத்திக் குடுத்தாங்க, ஆனா நான் கேக்கற நெலமையே வந்திருக்கக் கூடாது. கிராஃபோட டேட்டா ஃபைலையும் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்துச்சு. நீங்க குடுத்தா அத மொதல்லயே எழுதி வாங்கிக்கோங்க, கம்ப்யூட்டர் 90 சதவீதம் மேட்ச்னு காட்டறத மட்டும் நம்பாதீங்க, முள்ளு முள்ளா உக்காந்து பாக்கற ஆளு அங்க இருக்காங்களான்னு கேளுங்க.

மூணு சில்லுக்கு ஆன செலவு அந்தப் படத்துக்கு புது தேக்கு ஃப்ரேம் போடற காசுதான். சிவப்புச் சில்லுல மிச்சம் இருந்தத திருப்பி வாங்கி டப்பால வச்சிருக்கேன், எக்ஸ்ரே அடிச்சு என்னென்ன தனிமம் இருக்குன்னு பாக்கற எக்ஸ்ஆர்எஃப் மெஷின் இருக்கற ஒரு எடத்துல நாள் கேட்டிருக்கேன், பாதரசம் இருக்கா இல்லையான்னு அதுல தெரிஞ்சிரும்.