சிறுநீர், கண்ணீர், வியர்வை: சர்க்கரையை எதில் பார்ப்பது?

விரலைக் குத்தாமல் சுகர் பார்க்கும் வித்தை தாத்தாவுக்கே தெரியும். சோதனைக் குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல் (சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் நீல மருந்து), அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், கீழே ஸ்பிரிட் விளக்கு. நீலம் மாறாவிட்டால் அன்று ஒரு வாய் பாயசம் உண்டு. செங்கல் நிறத்துக்குப் போனால் பாட்டி டப்பாவைப் பரணில் ஏற்றிவிடுவாள். செலவு சொற்பம், வலி கிடையாது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். 50-க்குச் சரிந்து ஆள் மயங்கினாலும் குழாய் நீலமாகவே சிரிக்கும். தாழ்சர்க்கரைக்கு இது உதவாது.

கண்ணீரை நம்பியது கூகுள். 2014-ல் அறிவித்த கான்டாக்ட் லென்ஸ் வேலையை 2018-ல் நிறுத்திவிட்டார்கள். கண்ணீர்ச் சர்க்கரை ரத்தச் சர்க்கரையோடு சீராக ஒத்துப்போகவில்லை. வெங்காயம் நறுக்கும்போது கொட்டுவதும் கண்ணில் சும்மா ஊறுவதும் ஒரே நீர் இல்லையே!

உமிழ்நீர்? காபி குடித்த வாயில் எந்தச் சர்க்கரையை அளப்பது?

வியர்வையைக் குறைசொல்ல மனம் வரவில்லை. நுரையீரலில் சளி கெட்டியாகிப்போகும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸைக் கண்டுபிடிக்க 1959-லிருந்து அதுதான் ஆதாரம்: வியர்வை உப்பிலுள்ள குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தொட்டால் அநேகமாக நோய்தான். சர்க்கரை என்று வந்தால் மட்டும் காலை வாருகிறது. வியர்வையில் இருப்பதே துளியூண்டு. தோலில் ஒட்டியிருப்பதும் அதில் கலந்துவிடும்.

மிஞ்சுவது செல்களுக்கு இடையே ஊறும் திரவம். லேசான மின்சாரத்தால் அதைத் தோல்வழியே இழுத்த குளுக்கோவாட்ச் என்ற கைக்கடிகாரத்துக்கு 2001-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. மணிக்கட்டு சிவந்து அரித்தது, வியர்த்தால் அளவீடு விட்டுப்போனது, கடையை மூடிவிட்டார்கள். இன்று கையில் ஒட்டும் 14 நாள் சென்சாரும் அதே திரவத்தைத்தான் படிக்கிறது, மெல்லிய இழை ஒன்றைத் தோலுக்குள் இறக்கி. ஆக, குத்தல் ஒழியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கிறது. ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கியே வரும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். குத்தவே குத்தாமல் சர்க்கரை காட்டுவதாக விற்கும் கடிகாரம், மோதிரம் எதையும் அங்கீகரிக்கவில்லை என்று எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. காசை விடாதீர்கள்.

சென்சாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். ஒருநாள் நடுராத்திரி அம்மாவின் போன் அலறியது: 58. சர்க்கரை டப்பாவோடு ஓடினேன். "கைமேலேயே படுத்துட்டேன்டா" என்று புரண்டாள். சென்சார் அழுந்தினால் அளவு பொய்யாக இறங்கும். விரலைக் குத்திப் பார்த்தோம்: 118.