டேக் எதன்மேல் ஒட்டுகிறது? குறிப்புச் செயலிகளில் பணிகளைக் கட்டி மேய்ப்பது பற்றி ஓர் அலசல்

எந்தக் குறிப்புச் செயலியை எடுத்தாலும் அதன் சிறப்பம்சப் பட்டியலில் 'டேக் வசதி உண்டு' என்று ஒரு வரி இருக்கும். டேக் என்பது, பிறகு தேடி எடுப்பதற்காக நாம் ஒட்டிவைக்கும் சின்னப் பெயர்ச்சீட்டு. எவர்நோட், ஒன்நோட், கூகுள் கீப், ஆப்பிள் நோட்ஸ், ஒப்சிடியன், நோஷன், ஜோப்ளின் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் அது இருக்கிறது. அந்த வரியை மட்டும் நம்பி அன்றாடப் பணிகளை ஒப்படைப்பவர்கள் சீக்கிரமே திணறிப்போவார்கள். காரணம் எளிது. டேக் எதன்மேல் ஒட்டுகிறது என்பதில் இந்தச் செயலிகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நடந்துகொள்கின்றன. சிலவற்றில் அது முழுக் குறிப்புக்கும் சேர்த்து. சிலவற்றில் குறிப்புக்குள் இருக்கும் ஒற்றை வரிக்கு. நோஷனில் தரவுத்தள அட்டவணையின் ஒரு வரிசைக்கு.

குறிப்பு என்பது பெரும்பாலும் ஒரு பக்கம், பணி என்பது பெரும்பாலும் ஒரு வரி. சிக்கல் அங்கேதான். ஒரு சின்னச் சோதனை வைத்துப் பார்த்துவிடலாம். புது வாடிக்கையாளர் ஒருவருடன் நடந்த சந்திப்பில் எழுதிய குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசிய விஷயங்கள் பத்து வரி. கடைசியில் இப்படி மூன்று வரி:

மதிப்பீட்டை வியாழக்கிழமைக்குள் அனுப்பணும்.
வடிவமைப்பாளருக்குப் போன் பண்ணி லோகோ கோப்பை வாங்கணும்.
ஒப்பந்த வரைவு வக்கீலிடம் இருக்கு, அவர் பதில் வரணும்.

முதலாவது நான் உட்கார்ந்து செய்ய வேண்டியது, கெடு உண்டு. இரண்டாவது போன் கையில் இருக்கும்போது இரண்டு நிமிட வேலை. மூன்றாவதில் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஆனால் மறந்துவிடக் கூடாது. இந்த மூன்றையும் எந்தச் செயலி தனித்தனியாக எடுத்துக் கொடுக்கிறது?

முதலில் எவர்நோட். டேக் வைத்துக் குறிப்பெடுக்கும் பழக்கத்தைப் பரவலாக்கியதில் இதற்குப் பெரிய பங்குண்டு. 2008-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோதே டேக் இதன் முதுகெலும்பாக இருந்தது. ஜிடிடி (Getting Things Done) என்ற பணி மேலாண்மை முறையைப் பின்பற்றியவர்கள் 'இப்போது', 'அடுத்து', 'பிறகு', 'காத்திருப்பு' என்று டேக் வைத்து, அவை வரிசையாக நிற்பதற்காகப் பெயருக்கு முன்னால் எண்ணும் போட்டு, முழு வாழ்க்கையையும் அதற்குள் ஓட்டினார்கள். ஆனால் அந்த முறையில் ஒரு நிபந்தனை இருந்தது: ஒரு பணிக்கு ஒரு குறிப்பு. நம் சந்திப்புக் குறிப்புக்கு 'அடுத்து', 'போன்', 'காத்திருப்பு' மூன்றையும் போட்டால், அந்தக் குறிப்பு மூன்று பட்டியலிலும் தலைகாட்டும். எந்த வரிக்காக வந்து நிற்கிறது என்பதைத் திறந்து படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். போன் பேசி முடித்தபின் 'போன்' டேக்கை நீக்க மறந்தால், குறிப்பு போன் பட்டியலில் நிரந்தரக் குடியாகிவிடும்.

இந்தக் குறையை ஈடுகட்டத்தான் 2021-ல் குறிப்புக்குள்ளேயே தனிப் பணிகளைச் சேர்க்கும் வசதியை எவர்நோட் கொண்டுவந்தது. கெடு தேதி, நினைவூட்டல், கொடி எல்லாம் பணிக்கே கொடுக்கலாம். எல்லாக் குறிப்புகளிலும் சிதறிக் கிடக்கும் பணிகள் ஒரே இடத்தில் திரண்டு வரும், தொட்டால் மூலக் குறிப்புக்குப் போகும். நல்ல ஏற்பாடு. ஆக, இன்றைய எவர்நோட்டில் பணியை நடத்துவது கெடு தேதி. டேக்கின் வேலை, பழைய குறிப்பைத் தேடி எடுப்பது. அப்படிப் பிரித்துக்கொண்டால் நன்றாகவே ஓடும். தேடல் இதன் பலம்: இந்த டேக் இருக்க வேண்டும், அந்த டேக் இருக்கக் கூடாது, கடந்த ஏழு நாளில் எழுதியது என்று நிபந்தனைகளைக் கோத்துத் தேடி, அந்தத் தேடலையே சேமித்தும் வைக்கலாம். டேக்குக்குள் டேக் அடுக்கலாம், ஆனால் தாய் டேக்கைத் தேர்ந்தெடுத்தால் சேய் டேக் உள்ள குறிப்புகள் கூடவே வராது. அடுக்கு கண்ணுக்கு அழகு, அவ்வளவே. காசு விஷயமும் உண்டு. பெண்டிங் ஸ்பூன்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனபின், 2023 டிசம்பரில் இலவசக் கணக்கை 50 குறிப்பு, ஒரே ஒரு நோட்புக் என்று சுருக்கினார்கள். 50 குறிப்புக்கு டேக் எதற்கு? கண்ணாலேயே தேடிவிடலாம்.

ஜோப்ளின் திறந்த மூலச் செயலி. எவர்நோட்டை விட்டு வந்தவர்கள் பலர் ஒதுங்கிய இடம். இங்கே குறிப்பு, செய்பணி என்று இரண்டு வகை உண்டு. ஆனால் செய்பணி என்பதும் ஒரு முழுக் குறிப்புதான், தலைப்புக்குப் பக்கத்தில் டிக் பெட்டி வரும். நம் மூன்று வரியும் மூன்று தனிச் செய்பணிகளாக வேண்டும். அதற்குப் பொறுமை இருந்தால் டேக் மிகச் சுத்தமாக வேலை செய்யும்.

கூகுள் கீப்பையும் ஆப்பிள் நோட்ஸையும் சேர்த்தே முடித்துவிடலாம். கீப்பில் லேபிள், வண்ணம், ஆணி குத்தி மேலே வைப்பது எல்லாம் உண்டு; லேபிளுக்குள் லேபிள் கிடையாது. துண்டுச் சீட்டுக்கு இதைவிட வேகமான செயலி கிடையாது, திட்டங்களை நடத்த இது ஆகாது. ஆப்பிள் நோட்ஸ் 2021-ல் ஐஓஎஸ் 15-உடன் டேக்கையும், நிபந்தனைக்குப் பொருந்தும் குறிப்புகளைத் தானே திரட்டும் ஸ்மார்ட் ஃபோல்டரையும் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அதே ஃபோல்டருக்கு 'டிக் அடிக்காத வரி உள்ள குறிப்புகள்' என்ற வடிகட்டியும் வந்தது. 'வாடிக்கையாளர்' டேக்கும் முடியாத வரிகளும் உள்ள குறிப்புகளை ஒரு ஃபோல்டரில் திரட்டிவிடலாம், ஆனால் திரள்வது குறிப்புகள்தான், வரிகள் அல்ல. ஆப்பிள் கருவிகளுக்குள்ளேயே வாழ்கிறவருக்கு, வேலை அவ்வளவு சிக்கலில்லை என்றால், இதுவே போதும் என்பேன்.

சுவாரசியமான போட்டி ஒன்நோட்டுக்கும் ஒப்சிடியனுக்கும் இடையில். இரண்டிலும் டேக் வரியில் ஒட்டுகிறது. அதற்குப்பின் இரண்டும் போகும் வழி வேறு.

ஒன்நோட்டில் கர்சரை வரியில் வைத்துக் கன்ட்ரோலும் 1-ம் அழுத்தினால் டிக் பெட்டி, 2 என்றால் முக்கியம் என்ற நட்சத்திரம், 3 என்றால் கேள்விக்குறி. இப்படி 9 வரை, 0 அழுத்தினால் எல்லாம் போய்விடும். 'போன்', 'காத்திருப்பு' என்று சொந்த டேக்குகளை உருவாக்கி அந்த எண்களில் அமர்த்திக்கொள்ளலாம். சந்திப்பில் எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, கை விசைப்பலகையை விட்டு விலகாமல், மூன்று வரிக்கும் மூன்று டேக் போட்டுவிடலாம். இந்த வேகம் வேறெதிலும் கிடையாது. பிறகு 'டேக்குகளைக் கண்டுபிடி' என்றால் பக்கவாட்டில் ஒரு பட்டியல் விரியும்: எல்லா நோட்புக்குகளிலும் உள்ள 'காத்திருப்பு' வரிகள் ஒரே இடத்தில், முடிக்காதவை மட்டும். நம் மூன்று வரியும் தனித்தனியாக அவரவர் பட்டியலில் போய் நிற்கும். சோதனையில் தேறிவிட்டது.

பிறகென்ன குறை? மூன்று. ஒன்று, இந்தப் பட்டியல் வசதி முழுமையாக இருப்பது விண்டோஸ் டெஸ்க்டாப் பதிப்பில். பணிப் பட்டியல் அதிகம் தேவைப்படுவதோ கணினியை விட்டு எழுந்தபின். இரண்டு, பட்டியலிலிருந்து ஒரு 'சுருக்கப் பக்கம்' உருவாக்கலாம், ஆனால் அது வெறும் நகல். அதில் டிக் அடித்தால் மூலக் குறிப்பில் டிக் விழாது. தெரியாமல் அதை அன்றாடப் பட்டியலாக வைத்துக்கொண்டவர், முடித்த வேலைகள் மறுநாளும் பாக்கி என்று வந்து நிற்பதைப் பார்ப்பார். மூன்று, டேக்கின் பெயரை மாற்றினால் இனி போடுவதற்குத்தான் அது பொருந்தும். ஏற்கெனவே போட்டவை பழைய பெயரிலேயே இருக்கும்.

ஒப்சிடியன் 2020-ல் வந்தது. இங்கே டேக் என்பது எழுத்தோடு எழுத்தாக, வரிக்குள் ஹேஷ் குறி போட்டு எழுதுவது. குறிப்புகள் நம் கணினியிலேயே மார்க்டவுன் எனப்படும் சாதாரண எழுத்துக் கோப்புகளாகக் கிடக்கும். சாய்கோடு போட்டு அடுக்கலாம், எவர்நோட்டைப் போலன்றி இங்கே அடுக்குக்கு அர்த்தம் உண்டு. #காத்திரு/வக்கீல், #காத்திரு/வங்கி என்று வைத்துவிட்டு #காத்திரு என்று தேடினால் இரண்டும் வரும். நம் மூன்றாவது வரியை இப்படி எழுதினால் போதும்:

- [ ] ஒப்பந்த வரைவு வக்கீலிடம் இருக்கு #காத்திரு/வக்கீல்

பயனர் சமூகம் உருவாக்கிய 'டாஸ்க்ஸ்' என்ற பிளகினை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை)ப் போட்டுக்கொண்டால் ஒப்சிடியனின் குணமே மாறிவிடும். ஏதாவது ஒரு குறிப்பில் 'முடியாதவை, இந்த டேக் உள்ளவை, நாளைக்கு முன் கெடு உள்ளவை' என்று மூன்று வரியில் கேள்வி எழுதிவைத்தால், அந்த இடத்தில் எல்லாக் கோப்புகளிலிருந்தும் வரிகள் திரண்டு நிற்கும். அங்கேயே டிக் அடிக்கலாம், மூலக் கோப்பில் டிக் விழும், முடித்த தேதியும் பதிவாகும். ஒன்நோட்டின் நகல் பக்கத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று புரியும்.

ஆனால் ஒப்சிடியன் கேட்கும் விலை உழைப்பு. கெடு வந்தால் மணியடிக்கும் வசதி உள்ளே கிடையாது. கைபேசிக்கும் கணினிக்கும் ஒத்திசைவு வேண்டுமென்றால் சந்தா கட்டணும், அல்லது நாமே ஏற்பாடு செய்துகொள்ளணும். டேக்கின் பெயரை எல்லாக் கோப்புகளிலும் ஒரே அடியாக மாற்ற, பலர் 'டேக் ராங்லர்' என்ற பிளகினைத்தான் நாடுகிறார்கள். பெயரில் இடைவெளி விடக் கூடாது, வெறும் எண்ணையும் ஏற்காது, #2025 என்று எழுதினால் அதை டேக்காகவே எடுத்துக்கொள்ளாது. வேலை செய்வதைவிட வேலைப் பட்டியலை அலங்கரிப்பதில் நேரம் செலவழிக்கிற சுபாவம் உள்ளவர்கள் தள்ளி நிற்பது உத்தமம். அந்தச் சபலத்துக்கு இத்தனை தோதான செயலி வேறில்லை.

இதே வரிக் கணக்கில் லாக்சீக் என்ற இன்னொரு குறிப்புச் செயலி மேலும் ஒரு படி போகிறது. அங்கே ஒவ்வொரு வரியும் தனி உயிர். தலைவரிக்கு டேக் போட்டால், அதன் கீழே உள்தள்ளி எழுதிய வரிகளும் தேடலில் அந்த டேக்குக்குக் கீழேயே வரும். பத்தி பத்தியாக எழுதிப் பழகியவருக்கு எல்லாவற்றையும் புள்ளிகளாக எழுதச் சொல்வது மூச்சுமுட்டும்.

நோஷனை இந்த வரிசையில் வைப்பதே கொஞ்சம் அநியாயம். அது அடிப்படையில் தரவுத்தளம். அங்கே டேக் என்பது அட்டவணையில் ஒரு பத்தி, அதாவது நெடுவரிசை. மதிப்பீடு, லோகோ, ஒப்பந்தம் என்று மூன்று வரிசை சேர்த்து, 'நிலை' பத்தியில் காத்திருப்பு என்றும் 'கெடு' பத்தியில் வியாழன் என்றும் நிரப்பினால், அதே பட்டியலைப் பலகையாகவும் காலண்டராகவும் பார்க்கலாம். பலகையில் அட்டையை இழுத்து அடுத்த பத்தியில் விட்டால் நிலை தானே மாறும். குழுவாக வேலை செய்பவர்களுக்கு இதற்கு ஈடில்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது: சாதாரணப் பக்கத்தில் நடுவே போடும் டிக் பெட்டி அட்டவணையில் வராது. சந்திப்புக் குறிப்பில் அவசரமாக மூன்று டிக் பெட்டி போட்டுவிட்டு எழுந்தால், அவை அந்தப் பக்கத்திலேயே கிடந்து மட்கும். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அட்டவணையின் ஒரு வரிசையாக மாற்றணும். அந்த ஒழுக்கம் தினமும் வருமா என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

செயலி எதுவானாலும் டேக்குகளில் இரண்டு சாதி உண்டு. 'வாடிக்கையாளர்', 'வருமான வரி', 'வீடு' போன்றவை பொருளைச் சொல்பவை. ஒருமுறை போட்டால் என்றைக்கும் உண்மை. 'அடுத்து', 'காத்திருப்பு', 'அவசரம்' போன்றவை நிலையைச் சொல்பவை. நிலைமை மாறிய மறுநிமிடம் அவை பொய். ஆகவே பணிகளுக்காகச் செயலி தேடுபவர், டேக் போடுவது எவ்வளவு சுலபம் என்பதைவிட எடுப்பது எவ்வளவு சுலபம் என்று பார்க்கணும். நோஷனில் ஒரு இழுப்பு, ஒன்நோட்டில் ஒரு விசை. ஒப்சிடியனில் டிக் அடித்தாலே வரி பட்டியலை விட்டுப் போய்விடும், டேக்கைத் தொடவே வேண்டாம். எவர்நோட்டிலும் ஆப்பிள் நோட்ஸிலும் குறிப்பைத் திறந்து, எந்த வரிக்காகப் போட்டோம் என்று யோசித்து, பிறகு நீக்கணும். அதனால் அந்த இரண்டிலும் பொருள் டேக்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். 'அவசரம்' என்ற டேக்கை எங்கேயுமே சிபாரிசு செய்ய மாட்டேன். அவசரமென்றால் அதற்கு ஒரு தேதி இருக்கும், தேதியையே போடலாமே.

பெயர் வைப்பதிலும் கஞ்சத்தனம் நல்லது. 'அலுவலகம்', 'ஆபீஸ்', 'வேலை' என்று மூன்றும் ஒரே கணக்கில் வளர்ந்து நிற்கும். முதலில் சில எழுத்து தட்டியதும் இருக்கிற டேக்கைப் பரிந்துரைக்கும் செயலி என்றால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

கடைசியாக, வெளியேறும் வழி. எவர்நோட்டின் ஏற்றுமதிக் கோப்பான எனெக்ஸில் குறிப்போடு டேக் வந்துவிடும், அடுக்கு வராது. ஜோப்ளின் அந்தக் கோப்பை டேக்கோடு அப்படியே வாங்கிக்கொள்ளும். நோஷன் அட்டவணையைச் சிஎஸ்வி என்ற எளிய எழுத்து அட்டவணைக் கோப்பாகத் தரும், டேக்குகள் ஒரு பத்தியில் காற்புள்ளி போட்டு நிற்கும். கீப்பின் லேபிள்கள் கூகுளின் தரவு இறக்கும் சேவையான டேக்அவுட் தரும் ஜேசன் என்ற எழுத்துவடிவக் கோப்புகளில் கிடைக்கும். ஒப்சிடியனில் ஏற்றுமதி என்ற பேச்சே இல்லை, ஃபோல்டரை நகலெடுத்தால் முடிந்தது. எல்லாக் குறிப்பையும் ஒரு செயலிக்குள் கொண்டுபோய்க் கொட்டும் முன், மேலே சொன்ன மூன்று வரியை அதில் எழுதி, டேக் போட்டு, வெளியே எடுத்து, சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பாருங்கள். டேக் எந்த வரிக்குரியது என்பது அங்கேயும் தெரிகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.