கடல் காட்சிக்கு எந்தக் கோடெக்? எக்ஸ்264, எக்ஸ்265, எஸ்விடி-ஏவி1 ஓர் ஒப்பீடு

வீடியோ கோடெக்குகளை, அதாவது வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகளை, ஒப்பிடுவோர் பெரும்பாலும் திரைப்படக் காட்சிகளையும் அனிமேஷன் துணுக்குகளையும் வைத்தே சோதிக்கிறார்கள். பாம்பனிலும் தனுஷ்கோடியிலும் படம் எடுப்பவர்களுக்கு அந்த முடிவுகள் அப்படியே பொருந்துவதில்லை. இங்கே ஃபிரேமின் பாதியைக் கடல்தான் நிரப்புகிறது. முந்தைய ஃபிரேமில் இருந்த பகுதி இப்போது எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடி, அந்த நகர்வை மட்டும் எழுதி இடத்தை மிச்சப்படுத்துவதே இந்தக் கோடெக்குகளுக்கு அடிப்படை. வெயிலில் மின்னும் அலைநுனியோ அடுத்த ஃபிரேமுக்குள் மறைந்துவிடுகிறது. தேடியது கிடைக்காததால் ஏறக்குறைய எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது, கோப்பு பெருக்கிறது.

மீன்பிடித் தொழிலையும் கடல்பாசி எடுக்கும் பெண்களின் உழைப்பையும் பதிவுசெய்து வைக்கும் எங்கள் சிறு முயற்சிக்காக எக்ஸ்264, எக்ஸ்265, எஸ்விடி-ஏவி1 ஆகிய மூன்றையும் (முறையே எச்.264, எச்இவிசி, ஏவி1 வடிவங்களில் வீடியோவை எழுதும் மென்பொருள்கள்) எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவி வழியாக ஓட்டிப் பார்த்தோம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதி மேலெழும் காட்சி, இவ்வூரார் பெண் கடல் என்று சொல்லும் பாக் விரிகுடாவின் அமைதியான நீர், ஆண் கடல் எனப்படும் மன்னார் வளைகுடாவின் கொந்தளிப்பு ஆகியவையே சோதனைத் துணுக்குகள்.

பாலக் காட்சியில் எஸ்விடி-ஏவி1 தெளிவாக முந்துகிறது. எச்.264 படத்தை 16×16 புள்ளிக் கட்டங்களாகவே பிரிக்கிறது. எச்இவிசி 64×64 வரையும் ஏவி1 128×128 வரையும் பெரிய கட்டங்களை அனுமதிப்பதால், வெறும் வானத்தைச் சில பிட்டுகளிலேயே சொல்லி முடித்துவிடுகின்றன. விடியற்கால வானில் பட்டை பட்டையாகத் தெரியும் குறையை, நிறங்களுக்குக் கூடுதல் படிநிலைகள் தரும் 10 பிட் ஆழம் பெருமளவு குறைக்கிறது. ஏவி1-இன் முதன்மை வகையிலேயே 10 பிட் அடங்கியிருக்கிறது, எச்.264-இல் அதைத் தேர்ந்தால் பெரும்பாலான செல்பேசிகளின் வன்பொருளால் அதை இயக்க முடியாது.

ஆண் கடலில் கதை மாறுகிறது. அங்கே மூன்றுக்கும் இடையிலான தூரம் சுருங்கிவிடுகிறது. எஸ்விடி-ஏவி1-ஐ வேகமான ப்ரீசெட்டில் (வேக முன்னமைப்பில்) ஓட்டினால் நீர்ப்பரப்பு தார்ப்பாய் விரித்ததுபோல வழவழப்பாகிவிடுகிறது. எக்ஸ்264 மனிதக் கண்ணின் இயல்பைக் கருதி, துல்லியம் குறைந்தாலும் சொரசொரப்பைக் காப்பாற்ற முயல்வதால், பழைய கோடெக்காக இருந்தும் அலையை அலையாகவே காட்டுகிறது. பாசி எடுக்கும் பெண் விரல்களில் சுற்றியிருக்கும் துணியின் நெய்தல், அவர் கையை நீரிலிருந்து உயர்த்தும் கணத்தில் தெரிகிறதா என்று பார்ப்பதே எனக்குப் பிடித்த சோதனை. எஸ்விடி-ஏவி1-இன் 0 முதல் 13 வரையான ப்ரீசெட்டுகளில் (எண் குறையக் குறைய வேகமும் குறையும்) 4-க்கு இறங்கிய பிறகே அந்த நெய்தல் எங்களுக்குத் திருப்தியாகக் கிடைத்தது. அதற்கு விலையாகப் பழைய மடிக்கணினி இரவு முழுவதும் ஓட வேண்டியிருந்தது.

ஒப்பிடும் முறையில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவதாக, தரத்தை நிர்ணயிக்கும் சிஆர்எஃப் எண்கள் (எண் குறைந்தால் தரம் கூடும்) கோடெக்குக்குக் கோடெக் வேறு பொருள் தருபவை: எக்ஸ்264-இன் இயல்பு மதிப்பு 23, எக்ஸ்265-க்கு 28, எஸ்விடி-ஏவி1-க்கு 35. ஒரே எண்ணை மூன்றுக்கும் கொடுத்து ஒப்பிடுவது அர்த்தமற்றது. ஒரே தரத்துக்கு எது சிறிய கோப்பைத் தருகிறது என்றே பார்க்க வேண்டும். இரண்டாவதாக, செல்பேசிகள் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் வேகத்தில் பதிவுசெய்கின்றன. அதைச் சீராக்காமல், மூலத்தோடு ஒப்பிட்டுத் தரத்துக்கு மதிப்பெண் தரும் விமாஃப் அளவீட்டை ஓட்டினால், ஒரு ஃபிரேம் அதன் பக்கத்து ஃபிரேமோடு ஒப்பிடப்பட்டு நல்ல கோடெக்கும் மோசமானதாகத் தெரியும். சராசரி விமாஃப் மதிப்பெண் மட்டும் போதாது. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற ஃபிரேம்களைத் திறந்து கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

மென்பொருளில் இணைக்கும்போது உரிமமும் முக்கியமாகிறது. எஃப்எஃப்எம்பெக் இயல்பாக எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. எக்ஸ்264-ஐயோ எக்ஸ்265-ஐயோ சேர்த்துக் கட்டினால் முழுத் தொகுப்பும் ஜிபிஎல் ஆகிவிடும், அதாவது அதைப் பிறருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் தர வேண்டும். எஸ்விடி-ஏவி1 பிஎஸ்டி வகை உரிமத்தில் இருப்பதால் அந்த நிபந்தனை எழாது. எச்.264 கோப்பை இயக்க மட்டும் எக்ஸ்264 தேவையே இல்லை, ஏனெனில் அதைப் பிரித்துக் காட்டும் டிகோடர் எஃப்எஃப்எம்பெக்குக்குள்ளேயே இருக்கிறது. ஏவி1-க்கு வன்பொருள் உதவி இல்லாத கருவிகளில், வீடியோலான் குழுவினரின் டேவ்1டி போன்ற ஒரு டிகோடர் மென்பொருள் நூலகத்தை இணைத்தாக வேண்டும்.

சென்னையிலும் அலுவலகம் வைத்திருக்கும் மல்டிகோர்வேர் நிறுவனம் வளர்த்த எக்ஸ்265 மீது எனக்கு மதிப்பு உண்டு. வேகத்துக்கும் அளவுக்கும் இடையே அது நியாயமான சமரசம். ஆனால் எச்இவிசி-க்கு உரிமக் கட்டணம் கேட்கும் காப்புரிமைத் தொகுதிகள் ஒன்றுக்கு மேல் இருப்பதாலும், எல்லா உலாவிகளிலும் அது ஒரே சீராக ஓடாததாலும், பொதுமக்களுக்கான காப்பகத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விபி9 என்ற இன்னொரு கோடெக்கின் குறியாக்கம் எங்கள் கணினியில் மிக மெதுவாக இருந்ததால் அதைத் தொடரவில்லை.

ஆகவே மண்டபத்திலும் கீழக்கரையிலும் கைக்குக் கை அனுப்பப்படும் பிரதிகளை எக்ஸ்264-இலேயே வைத்திருக்கிறோம். பழைய செல்பேசியிலும் அது பேட்டரியைத் தின்னாமல் ஓடும். இணையதளத்தில் வைக்கும் பிரதிகளுக்கு 10 பிட் எஸ்விடி-ஏவி1-ஐ, ஆண் கடல் காட்சிகளுக்கு மட்டும் சிஆர்எஃப் எண்ணைக் குறைத்து, பயன்படுத்துகிறோம். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்புகளை எந்தக் கோடெக்குக்கும் மாற்றாமல் தனி வன்தட்டில் சேமிக்கிறோம்.