சியா, ரஸ்ட்டா, ஸிக்கா? கர்னல் எழுத எது கை கொடுக்கும்

சொந்தமா கர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி, எழுத உட்கார்றவங்க முதல்ல போடுற சண்டையே சி, ரஸ்ட், ஸிக்னு எந்த புரோகிராமிங் மொழிங்கிறதுதான். நான் மூணுலயும் ஸ்கிரீன்ல எழுத்து வந்து கீபோர்டு இன்டரப்ட் (கீயை அழுத்தினா சிபியுவைக் கூப்பிடுற சிக்னல்) ஓடுற வரைக்கும் போயிருக்கேன், அதை வச்சு சொல்றேன், கர்னலை மெமரில ஏத்தி விடுற பூட்லோடர் வேற, கர்னல் வேற, ரெண்டுக்கும் ஒரே பதில் தேடாதீங்க.

பிசி ஆன் ஆனதும் முதல்ல ஓடுற பழைய ஃபர்ம்வேரான பயாஸ் வழியா போறீங்கன்னா மொழிச் சண்டையே வீண். டிஸ்க்கோட முதல் செக்டார் 512 பைட், அதுல கடைசி ரெண்டு பைட் பூட் அடையாளத்துக்கே போயிடும், அதை ஹெக்ஸ் 7சி00ங்கிற மெமரி முகவரில ஏத்திட்டு சிபியுவோட பழைய 16 பிட் ரியல் மோடுல நம்மள விட்டுட்டு பயாஸ் கழண்டுக்கும். ஏ20 லைன் (1 எம்பிக்கு மேல மெமரிக்குப் போற வழி) திறக்கணும், ஜிடிடி (மெமரி செக்மென்ட் பட்டியல்) போடணும், பேஜ் டேபிள் (மெமரி முகவரியை மாத்திக் கொடுக்கிற அட்டவணை) கட்டணும், அப்புறம்தான் 64 பிட். அதையும் ரஸ்ட்லயே எழுதுவேன்னு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன், கடைசில பார்த்தா முழுக்க அசெம்ப்ளி, மேல ரஸ்ட்டு பேருக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

பயாஸுக்குப் பதிலா வந்த புது ஃபர்ம்வேர் யூஇஎஃப்ஐ அப்படியில்ல. ஃபேட் பார்ட்டிஷன்ல ஒரு பிஇ ஃபைல் (விண்டோஸ் இஎக்ஸ்இ மாதிரி வடிவம்) வச்சா போதும், 64 பிட் பிசில ஃபர்ம்வேரே லாங் மோடுல, அதாவது 64 பிட்லயே, ஏத்தி விட்டுடும். இங்க எனக்குப் பிடிச்சது ஸிக், தனியா கிராஸ் கம்பைலர் (வேற சிஸ்டத்துக்கான கோடு தர்ற கம்பைலர்) கட்ட வேண்டாம், யூஇஎஃப்ஐ ஸ்ட்ரக்ட் (டேட்டா அமைப்பு) எல்லாம் அதோட ஸ்டாண்டர்டு லைப்ரரியிலேயே இருக்கு. ரஸ்ட்டுக்கும் யூஇஎஃப்ஐக்கான பில்டு டார்கெட், கிரேட் (ரெடிமேட் லைப்ரரி) ரெண்டும் இருக்கு, பெரிய குறை இல்ல. மூணுலயும் ஒரே மாதிரி கடிக்கிற இடம் ஒண்ணு உண்டு: மெமரி மேப் (எந்த மெமரி காலிங்கிற பட்டியல்) வாங்கிட்டு ஃபர்ம்வேர் தர்ற பூட் சர்வீஸை மூடப் போறப்ப நடுவுல ஏதாவது மெமரி ஒதுக்கினா மேப்போட கீ காலாவதி ஆகிடும், ஃபர்ம்வேர் முடியாதுன்னுடும், மேப்பை திரும்ப வாங்கணும்.

கர்னலுக்குள்ள போனாதான் நிஜமான வித்தியாசம் தெரியும். சி மொழியில என்னை அழ வச்சது ரெட் ஸோன். ஸ்டாக் பாயிண்டருக்குக் கீழ 128 பைட்டை கம்பைலர் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கும், கர்னல் ஓடுறப்ப இன்டரப்ட் வந்தா சிபியு அதே இடத்துல எழுதிடும். கம்பைலர் ஃபிளாக் போட்டு அணைக்கலன்னா வேரியபிள் தானா மாறும், நாலு நாள் தேடினேன். ஃப்ரீஸ்டாண்டிங், அதாவது ஓஎஸ் இல்லாம ஓடுறதுன்னு சொன்னாலும் சி கம்பைலரான ஜிசிசி, மெமரியை காப்பி பண்ற, நிரப்புற மெம்காப்பி, மெம்செட் எல்லாம் நீயே கொடுன்னு கேக்கும், அது வேற.

ரஸ்ட்டோட வெறும் இரும்பு (ஓஎஸ் இல்லாத மெஷின்) டார்கெட்ல ரெட் ஸோன் ஆரம்பத்துலயே ஆஃப். அது போக பிழை தேடுறதுக்கான டீபக் பில்டுல அட்ரஸ் கணக்கு ஓவர்ஃப்ளோ ஆனா உடனே பேனிக் ஆகி நின்னுடும், சி மொழியில அது சத்தமில்லாம சுத்திக்கிட்டு போயிடும். ஆனா குளோபல் ஸ்டேட் தலைவலி, எல்லாத்தையும் ஸ்பின்லாக்ல (ஒருத்தர் விடற வரைக்கும் அடுத்தவர் காத்திருக்கிற பூட்டு) சுத்தணும். பிரிண்ட் லாக்கைப் பிடிச்சிருக்கறப்ப டைமர் இன்டரப்ட் வந்து அந்த ஹேண்ட்லரும் பிரிண்ட் பண்ணா மெஷின் அப்படியே நின்னுடும், மெமரி தப்பைப் பிடிக்கிற ரஸ்ட்டோட பாரோ செக்கர் இதைப் பார்க்காது. லினக்ஸ்ல 2022லயே 6.1 வெர்ஷன்ல ரஸ்ட் நுழைஞ்சாச்சு, அதனால இது விளையாட்டு மொழின்னு இனி யாரும் சொல்ல முடியாது.

ஸிக்ல பேஜ் டேபிள் என்ட்ரி எழுதறது சுகம், ஒரு பிட், நாப்பது பிட்னு ஃபீல்டு போட்டு பேக்டு ஸ்ட்ரக்ட் (இடைவெளி இல்லாம அடுக்கினது) கட்டிடலாம், பிட்டை நகர்த்தி மறைக்கிற ஷிஃப்ட் மாஸ்க் கூத்தெல்லாம் இல்ல. ஆனா இன்னும் 1.0 வரல, வெர்ஷன் மாறினா பில்டு ஃபைலைத் திருத்திக்கிட்டே இருக்கணும்.

இப்ப திரும்ப ஆரம்பிச்சா பூட்லோடர் ஸிக்ல, கர்னல் ரஸ்ட்லதான். நடுவுல கை மாறுற ஸ்ட்ரக்ட்டு மட்டும் சி லேஅவுட்ல இருக்கணும், ரெண்டு பேருக்கும் பொதுவா புரியறது அதுதான். கூடவே காலிங் கன்வென்ஷனையும் (ஃபங்ஷனுக்கு ஆர்கியுமென்ட் எப்படிப் போகணும்ங்கிற முறை) பார்த்துக்கோங்க, யூஇஎஃப்ஐ முதல் ஆர்கியுமென்ட்டை ஆர்சிஎக்ஸ் ரிஜிஸ்டர்ல அனுப்பும், கர்னல் பொதுவா ஆர்டிஐ ரிஜிஸ்டர்ல தேடும், எனக்கு பாயிண்டர் குப்பையா வந்ததுக்கு காரணம் அது ஒண்ணுதான்.