ஸொட்டேரோவும் நானூறு பிடிஎஃபும்

சுசீந்திரம், தேரூர்க் குளங்களைப் பற்றி ஆய்வு செய்யப் பதிவு செய்து நான்கு வருடம் ஆகிறது. முதல் ஆறு மாதம் கட்டுரைகளை ‘புதியது’, ‘புதியது 2’, ‘கைடு கொடுத்தது’ என்று ஃபோல்டர் போட்டு வைத்தேன். ஒரே கட்டுரையை மூன்று முறை இறக்கி, மூன்றாவது முறை பாதி படித்தபிறகுதான் ஏற்கெனவே படித்தது என்று உறைத்தது. அப்புறம்தான் ஸொட்டேரோவுக்கு வந்தேன். ஆய்வுக் கட்டுரைகளைச் சேர்த்து அடுக்கி வைக்க 2006-இல் தொடங்கிய திறமூல மென்பொருள், காசு கிடையாது.

ஒரே கட்டுரையை நகல் எடுக்காமல் பல தொகுப்புகளில் வைக்கலாம். தேரூர்ப் பறவைகள் பற்றிய கட்டுரை ‘பறவை’யிலும் இருக்கும், ‘ராம்சர் 2022’-இலும் (ராம்சர் என்பது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) இருக்கும். இதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.

பழைய காகிதங்களில்தான் கை கடித்தது. நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956-இல். திருவிதாங்கூர் காலத்துப் பாசனக் குறிப்புகளில் ஆங்கில ஆண்டுக்குப் பதில் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு இருக்கும். 1081 என்று இருந்ததை அப்படியே தேதிக் கட்டத்தில் அடித்துவிட்டேன். ஆண்டுவாரியாக அடுக்கினால் அந்தக் குறிப்பு முதலாம் குலோத்துங்கன் காலத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது! ஆவணியில் பிறக்கும் ஆண்டு என்பதால் 824 கூட்டுவதா 825 கூட்டுவதா என்பதை மாதத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போது தேதியில் 1906, ‘எக்ஸ்ட்ரா’ கட்டத்தில் கொல்லம் ஆண்டு.

ஸொட்டேரோ இணையத்தில் இலவசமாகத் தரும் 300 எம்பி இடம் சீக்கிரமே நிரம்பியது. பெரிய புத்திசாலி மாதிரி ஸொட்டேரோவின் டேட்டா ஃபோல்டரையே ஒரு கிளவுட் ஃபோல்டருக்குள் நகர்த்தினேன். அப்படிச் செய்யாதீர்கள் என்று ஸொட்டேரோக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள், நான்தான் படிக்கவில்லை. டேட்டாபேஸ் கெட்டு இரண்டு வாரக் குறிப்புகள் போயின. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஹார்டு டிஸ்கில் ஒரு நகல்.

ஒரு நாள் கைடு திரையைப் பார்த்துவிட்டு, “சரி, 400 இருக்கு. இதுல எது உன் கேள்விக்குப் பதில் சொல்லுது?” என்றார். நான் முழித்தேன். அன்று இரவே எக்செல்லில் ஒரு அட்டவணை போட்டேன்: எந்தக் குளம், எந்த வருடத் தரவு, எப்படி அளந்தார்கள், கடைசியில் ‘இதை ஏன் வைத்திருக்கிறேன்’. அந்தக் கட்டத்தில் ஒரு வரிகூட எழுத வராததை எல்லாம் ‘பிறகு’ தொகுப்புக்குத் தள்ளினேன். 130 மிஞ்சியது. குளம்வாரியாக அடுக்கியதும் தெரிந்தது: என்னிடம் இருந்தவற்றில் பறவை எண்ணியவர்கள் ஒரு பக்கம், தண்ணீரைச் சோதித்தவர்கள் மறு பக்கம், இரண்டையும் சேர்த்துப் பார்த்தவை ஆறே ஆறு. என் இரண்டாம் அத்தியாயம் அந்த ஆறிலிருந்துதான் தொடங்கியது.